தொரை காடிக்குக் குஷன் தைத்தவள்

பழைய காரைப் புதுசாக்கிக் கொடுப்பது ஒரு தொழில். பழைய காரை, அது புதுசாக இருந்த காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிக் கொடுப்பது வேறு தொழில், அதற்கு வரும்போது சொந்தப் புத்தியை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும்.

நான் பார்த்தது இந்த இரண்டாவது தொழில். ரெம்பாவ் போகும் சாலையில், எங்கள் தோட்டத்து எல்லை முடிகிற இடத்தில் ஒரு தகரப் பட்டறை இருந்தது. அங்கே பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு சீட்டு, கதவின் உள்பக்கம், மடக்குக் கூரை எல்லாம் தைத்தேன். எங்கள் பக்கம் இதற்குக் குஷன் வேலை என்று பெயர். வெள்ளைக்காரத் துரைமார் தோட்டத்தை விட்டுக் கிளம்பும்போது கொண்டுபோக முடியாமல் விட்டுப்போன ரெண்டு சீட்டு கார்கள் நெகிரி செம்பிலான் முழுக்க ஏதாவது ஒரு கொட்டகையில் கிடந்தன. தொழிலாளர் லயத்து ஜனங்கள் அதைத் ‘தொரை காடி’ என்பார்கள், காடி என்றால் எங்கள் பேச்சில் கார். எழுபதுகளின் கடைசியில் சிரம்பானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஆட்கள் அவற்றைத் தேடி வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே ஒரு வார்த்தைதான் தெரிந்திருந்தது: ஒரிஜினல். அடுத்தவர் சொன்ன அளவுக்கு வெட்டி, அவரே மனசு மாறிச் சொன்னதற்காகப் பிரித்து, மறுபடியும் மூட்டிக் கொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரு ஜாதி.

லாரிக் கூரை

தோட்டத்தில் ரப்பரைச் சாய்த்து, பாமாயில் தரும் செம்பனை நட்ட நேரம். பாலுக்காக ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த பெண்களில் பலருக்கு வேலை போனது, எனக்கும் போனது. என் வீட்டுக்காரர் முத்தையா செம்பனைக் குலை அறுக்கப் போனார். நான் லயத்தில் உட்கார்ந்து ரவிக்கை தைத்தேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிற தோட்டத்து லாரியின் கேன்வாஸ் கிழிந்துபோய், மழை வந்தால் பிள்ளைகள் நனைந்த புத்தகத்தோடு வீடு திரும்புவார்கள். வேலையை மேற்பார்க்கிற மண்டோரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் மேலே சொல்வதாகச் சொன்னார். மேலே யாருக்கும் காது கேட்கவில்லை போல. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அந்தக் கேன்வாஸை இறக்கச் சொல்லி, மடிப்புக்குமேல் மடிப்பு வைத்துக் கையாலேயே தைத்து, தையல்மேல் மெழுகைத் தேய்த்து ஏற்றிவிட்டேன்.

அந்த லாரி ரிப்பேருக்குப் போகிற இடம் ஆ செங்கின் பட்டறை. ஆ செங் தோட்டத்துக் கடைக்குப் பின்னால் பிறந்து வளர்ந்த சீனர். தமிழ் நம்மைப் போலவே பேசுவார். பட்டறை முதலாளி என்பதால் எங்களுக்கு அவர் தவுக்கே. நல்ல மழையில் அந்தக் கேன்வாஸுக்குக் கீழே நின்று பார்த்துவிட்டு நேராக எங்கள் லயத்துக்கு வந்தார். “இதை யாரு தைச்சா?” என்று கேட்டதும், ஏதோ புகார் என்று நினைத்து அக்கம்பக்கத்துப் பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். நான்தான் வெளியே வந்து, “நான்தான் தவுக்கே. எங்கயாவது பிரிஞ்சிடுச்சா?” என்றேன்.

“பிரியல லா, தங்கச்சி, அதான் வந்தேன். என்கிட்ட ஒரு காடி இருக்கு, கூரை இல்ல. திங்கக்கிழமை வா.”

நல்லது செய்யப்போய்

கூரை எப்படியோ ஒப்பேறியது. அடுத்து சீட்டு. சிரம்பானில் ஜவுளிக்கடை வைத்திருந்த சிதம்பரம் செட்டியாரின் வெள்ளைக் கார் அது. அவர் வாங்கிய முதல் கார். பின்னால் பித்து முற்றி இன்னொன்றும் வாங்கினார். பழைய சீட்டைப் பிரித்து, துண்டு துண்டாக விரித்துப் பார்த்தேன். ஆள் உட்காரும் இடமும் சாயும் இடமும் மட்டும் அசல் தோல். பக்கவாட்டிலும் பின்னாலும் வெறும் ரெக்சின். யாரோ தோல் பற்றாமல் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்று பரிதாபப்பட்டு, சுற்றிலும் நல்ல தோலாகவே போட்டேன். ஒற்றைத் தையல் இருந்த இடத்தில் இரட்டைத் தையல். இரண்டு நாள் விரல் வலி. பார்த்தால் கல்யாண மேடைச் சோபா மாதிரி இருந்தது.

செட்டியார் வந்தார். சீட்டைத் தடவினார். திருப்பிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. “இவ்வளவு நல்லா இருக்கக் கூடாதும்மா,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. நல்லது செய்ததற்குப் பிரிக்கச் சொல்கிற ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆ செங் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“கம்பெனிக்காரன் எங்க மிச்சம் புடிச்சானோ, அங்க நீயும் மிச்சம் புடிக்கணும் லா. அதுக்குப் பேருதான் ஒரிஜினல்.”

அடைக்கோழி

கோலா கிளாவாங் பக்கத்து மலைத்தோட்டம் ஒன்றில், பழைய பெரிய துரை பங்களாவின் பின்கொட்டகையில் ஒரு பச்சைக் கார் கிடப்பதாகச் செட்டியாருக்குத் தகவல் வந்தது. நிர்வாகம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. உள்ளே அசல் துணி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க என்னையும் கூட்டிப்போனார்கள். கொட்டகைக் கதவைத் திறந்தால், ஓட்டுநர் சீட்டில் ஒரு சிவப்புக் கோழி அடை உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்து இறகைச் சிலிர்த்ததே தவிர அசையவில்லை. பங்களாக் காவல்காரரின் மனைவி அஞ்சலை ஓடிவந்து காருக்கு முன்னால் நின்றுகொண்டாள். “காடி உங்களோடது. நான் இல்லேன்னு சொல்லல. முட்டை என்னோடது,” என்றாள்.

கூடையில் வைத்து மாற்றலாமே என்றார் ஆ செங். இடம் மாறினால் கோழி எழுந்து போய்விடும், எல்லாம் கூமுட்டை ஆகிவிடும் என்றாள் அஞ்சலை. இழுத்துப்போகக் கொண்டுவந்த லாரி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. செட்டியார் கோழியைப் பார்த்தார், காரைப் பார்த்தார். லாரியைத் திருப்பி அனுப்பச் சொன்னார். பிறகு வந்த ஞாயிறுகளில் மலைப்பாதை வளைவெல்லாம் ஏறி வந்து, கொட்டகை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு ஞாயிறு குஞ்சுகள் ஒவ்வொன்றாக மிதிகட்டையில் குதித்து இறங்கின. அஞ்சலை சீட்டிலிருந்த வைக்கோலை அவள் கையாலேயே வாரி எடுத்து, தூசியைத் தட்டிவிட்டாள்.

“இதுல அடை வெச்சு நான் ஒரு முட்டைகூட வீணாக் கண்டதில்ல, ஐயா. ராசியான காடி, பத்திரமா ஓட்டுங்க.”

ஒழுகுகிற இடம்

கோலா பிலா பக்கத்திலிருந்து ஒரு மலாய் ஆசிரியர் வருவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மலாயில் வாத்தியாரைச் சிக்கு என்றுதான் கூப்பிடுவது. அதனால் எங்களுக்கும் அவர் சிக்கு. அவருடைய சின்ன நீலக் காருக்கு நான் கூரை தைத்து மாட்டியபோது வானம் வெறித்து வெயில் காய்ந்தது. சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனவர், ஒரு மழைநாளில் திரும்பி வந்தார். வந்தவர் இறங்கவில்லை. என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். குனிந்து பார்த்தேன். கண்ணாடிக்கு மேலே கூரை சேருகிற மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாக அவருடைய சொங்கோக் தொப்பியில் விழுந்துகொண்டிருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. லாரிக் கேன்வாஸில் ஒரு பொட்டுத் தண்ணீர் விடாத கை இது. கழற்றுங்கள், இப்போதே பிரித்துத் தைக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த மலாயில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு சொட்டு வாங்கிக்கொண்டார். இளவயதில் வாத்தியார் படிப்புக்காக இங்கிலாந்து போயிருந்தபோது, அவருடைய பேராசிரியர் மழையில் இவரை ஏற்றிக்கொண்டு போன கார் இதே மாதிரிக் காராம். அந்த ஆசைக்குத்தான் இத்தனை வருஷம் கழித்து வாங்கினாராம். மலாயில் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“அந்தக் காரும் இதே மூலையிலதான் ஒழுகுச்சு, அக்கா. தயவுபண்ணி இதுல கை வைக்காதீங்க.”

உட்கார்ந்து பார்ப்பது

சின்ன வயதில் தொரை காடி செம்மண் பாதையில் வந்தால், தோளில் ரப்பர்ப் பால்வாளியோடு நாங்கள் ஓரத்து வடிகால் கானில் இறங்கி நிற்க வேண்டும். சேறு தெறித்தாலும் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். ஆகவே அந்தக் கார்களின் பின்பக்கம்தான் எனக்குத் தெரியும். இப்போது என்னவென்றால், தைத்த சீட்டில் யாராவது கனமாக உட்கார்ந்து எழுந்தால்தான் தையல் எங்கே இழுக்கிறது என்று தெரியும். முதலில் நான் கையால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆ செங், “கை ஓட்டாது லா, உக்காரு,” என்றார். பைப்படியில் போய்க் காலைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஸ்டீரிங் முன்னால். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பழைய மண்டோர் சைக்கிளில் வந்தார். சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, “என்ன பார்வதி, தொரைசாணி ஆயிட்டியா?” என்றார். கேலியா, ஆச்சரியமா, எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. பழக்கத்தில் நான் எழுந்திரிக்கப் போனேன். ஆ செங் காருக்கு அடியில் படுத்திருந்தார், கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அங்கிருந்தே குரல் வந்தது.

“எழுந்திரிக்காத, தங்கச்சி. நீ உக்காந்து சரின்னு சொன்னாதான் இந்தக் காடி வெளிய போகும்.”

ரெண்டே சீட்டு

செட்டியாரின் பச்சைக் கார் முடிகிற கட்டம். சாயம், எஞ்சின், சீட்டு, கம்பளம் எல்லாம் ஆகிவிட்டது. கூரை மட்டும் பாதி தைத்து என் மெஷினில் கிடந்தது. செட்டியார் மத்தியானத்தில் வந்து பார்த்துவிட்டுப் போவார். உட்காரும் முன்னால் சீட்டில் வெள்ளைத் துண்டு விரிப்பார். வானத்தில் ஒரு மேகம் இருந்தால் காரைப் பட்டறை வாசலைத் தாண்ட விடமாட்டார். அன்றைக்கு வானம் இருட்டிக்கொண்டிருந்ததால், காரை வாசலோடு நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் செம்பனைக் காட்டிலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெட்டிப்போட்ட மட்டையை இழுக்கும்போது நாகம் காலில் கொத்திவிட்டது. தோட்டத்து லாரி குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போயிருந்தது. தோட்டத்து மருந்தக டிரெஸ்ஸர் காலில் கட்டுப்போட்டு, உடனே சிரம்பான் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டார். ஆ செங்கின் லாரியோ எஞ்சினைக் கழற்றிய நிலையில். என் வீட்டுக்காரருக்கு இமை இரண்டும் தொங்க ஆரம்பித்திருந்தது. என் பெயரைச் சொல்லப் பார்த்தார், நாக்கு புரளவில்லை.

செட்டியார் கதவைத் திறந்தார். துண்டை உருவி எறிந்துவிட்டு, “ஏத்துங்க,” என்றார். சேறும் சகதியுமான அந்தக் காலோடு இவரைப் பக்கத்துச் சீட்டில் சாய்த்தார்கள். நானும் ஏறப் போனேன். ஏற இடம் இல்லை. ரெண்டே சீட்டு. கார் கிளம்பியது, சாலை திரும்புவதற்குள் மழை கொட்ட ஆரம்பித்தது. கூரை இல்லாத காரில் அவர்கள் இரண்டு பேரும் போனார்கள், கூரை என் மெஷினில் இருந்தது. அந்த நிமிஷத்தை என்னால் எழுத முடியவில்லை. ஆ செங் பட்டறையை அப்படியே போட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டார். வழி முழுக்க மழை முகத்தில் அறைந்தது. நான் கும்பிடாத சாமி இல்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துப் பெஞ்சில் செட்டியார் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட உட்கார்ந்திருந்தார். ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தாராம். இவர் கதவுப்பக்கம் சரியச் சரிய, ஒரு கையால் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டினாராம். ஊசி போட்டுவிட்டார்கள், மூச்சு சீராகிவிட்டது, நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதும் நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் நின்ற காரை வரும்போதே பார்த்திருந்தேன். உள்ளே தண்ணீர் தேங்கி, சீட்டெல்லாம் சேறும் வாந்தியும். “சீட்டு எல்லாம் போச்சுங்களே, ஐயா,” என்றேன்.

“சீட்டு போனா நீ தைப்ப. உள்ள போம்மா, உன்னைத்தான் தேடுறாரு.”

நன்றிக்கு ஒரு தோல்

பச்சைக் காரின் சீட்டை மறுபடியும் முதலிலிருந்து தைத்தேன். இந்தத் தடவை ஒரு நினைப்பு வந்தது. இந்த மனுஷனுக்கு நான் என்னத்தைத் திருப்பிச் செய்ய முடியும்? கையில் இருப்பது தையல் ஒன்றுதான். யாருக்கும் தெரியாத பின்பக்கத்துக்கு ரெக்சின் வேண்டாம், அங்கேயும் நல்ல தோலாகவே வைத்துவிடலாம் என்று வெட்டி எடுத்து வைத்தேன். செட்டியார் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். இது வேலை இல்லை ஐயா, நன்றி, என்றேன். அவர் அந்தத் தோல் துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்கூட லேசாகக் கலங்கின மாதிரி இருந்தது. நான் மெஷினை மிதிக்கத் தயாரானேன்.

“நன்றி வேற, ஒரிஜினல் வேறம்மா. பின்னால ரெக்சினே போடு.”

சக்கரக் கம்பி

என் வீட்டுக்காரர் பிழைத்தார், ஆனால் காலில் சதை போய்விட்டது. செம்பனைக் காட்டில் நின்று வேலை செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். லயத்து வாசலில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். ஆ செங் ஒருநாள் ஆறுதல் எதுவும் சொல்லாமல், ஒரு கார்ச் சக்கரத்தைக் கொண்டுவந்து முன்னால் போட்டுவிட்டுப் போனார். இந்த வகைக் கார்களுக்குச் சக்கரம் சைக்கிள் மாதிரி கம்பிக் கம்பியாக இருக்கும். ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகத் துரு நீக்கித் தேய்க்க வேண்டும். பொறுமை இருக்கிறவனைத்தவிர வேறு யாரும் தொடமாட்டார்கள். இவருக்குப் பொறுமை கிடையாது என்றுதான் கல்யாணமான நாளிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பார்த்தால் சக்கரத்தில் கால்வாசி பளபளவென்று இருந்தது. அடுத்த வாரம் அவரே தடியை ஊன்றிக்கொண்டு பட்டறைக்கு வந்து, என் மெஷினுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ், ஒரே வானொலியைக் கேட்டுக்கொண்டு, ஒரே தூக்குப் போசியில் சோறு சாப்பிட்டோம். தோட்டத்தில் நான் காலையில் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் போனவர்கள். ஆ செங் ஒருநாள் அவரிடம், காட்டு வேலை நினைப்பு வருகிறதா என்று கேட்டார். கம்பியை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே இவர் சொன்னார்.

“அங்க குலைக்காக மேல பாக்கணும், பாம்புக்காகக் கீழ பாக்கணும், தவுக்கே. இங்க கம்பியைப் பாத்தாப் போதும், அலுத்தா எதிர்ல இவளைப் பாக்கலாம்.”

சொந்தக்காரி

தொண்ணூறுகளில் ஒருநாள், செட்டியார் பச்சைக் காரில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியை அழைத்துக்கொண்டு வந்தார். நரைத்த தலை, பூப்போட்ட சட்டை, காலில் ஜப்பான் சிலிப்பர். கோலா கிளாவாங் பங்களாவில் இருந்த பெரிய துரையின் மகள். பிறந்த வீட்டைப் பார்க்க இங்கிலாந்திலிருந்து வந்தவளுக்கு, அப்பாவின் கார் இன்னும் ஓடுகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். செட்டியாருக்குப் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையனின் முகம். உலகத்தில் இந்த ஒரு ஆள் சரி என்று சொன்னால்தானே அது உண்மையான ஒரிஜினல்.

அவள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கதவுப் பிடியைத் தடவினாள். யார் தைத்தது என்று கேட்டாள். செட்டியார் என்னைக் காட்டினார். நேரே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். எண்ணெய்க் கறையும் ஊசிக் குத்தும் உள்ள கை; இழுக்கப் பார்த்தேன், விடவில்லை. பிறகு சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்தாள். அழப்போகிறாள் என்று நாங்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். அவள் சிரித்துவிட்டாள். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். செட்டியார் வார்த்தை மாறாமல் எனக்குத் தமிழில் சொன்னார்.

“எல்லாம் அப்படியே இருக்காம். அவங்க அப்பா காருல எப்பவும் இருக்கிற நாய் முடியும் டுரியான் பழ வாடையும் மட்டும்தான் குறையாம்.”

•

இப்போது நாங்கள் ரெம்பாவில் சொந்த வீட்டில் இருக்கிறோம். எங்கள் இரண்டு பெண்களும் நீலாயில் வேலை பார்க்கிறார்கள். ஆ செங் சீனப் புத்தாண்டுக்கு எங்களுக்கு ஆரஞ்சு கொண்டுவருவார், தீபாவளிக்குச் செட்டியார் கடைச் சேலை வந்துவிடும். எத்தனையோ கார்களை இருந்தது இருந்தபடியே ஆக்கிக் கொடுத்த அந்தப் பட்டறை, எங்கள் குடும்பத்தை மட்டும் இருந்தபடி இருக்கவிடவே இல்லை, அதற்காக அந்த ஒரிஜினல் பைத்தியங்கள் எல்லாரும் நல்லா இருக்கட்டும்.